தெப்பத்துக்கு அடியில் இரண்டாவது அடுக்கு

கப்பல் கட்டும் படிப்பு படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் தீவின் டவுனில், டத்தோ கிராமாட்டில், ஒருவருக்கும் புரிவதில்லை. புரியாதது தப்பில்லை. புரியாமலேயே அறிவுரை சொல்ல வருவார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஒரு கல்யாண விருந்தில் அத்தை ஒருத்தி, கப்பலில் பொம்பளைப் பிள்ளைக்குத் தனிக் கழிவறை இருக்குமா என்று கேட்டாள். நான் கப்பலில் போகப்போவதில்லை, கப்பலை வரையப்போகிறேன் என்றேன். வரைவதற்கு எதற்கு நாலு வருஷம் என்று பக்கத்து இலைக்காரர் சிரித்தார். அவர் மகன் கணக்கியலில் ஒரே பாடத்தில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லிக் காட்டலாம் என்று நாக்கு துடித்தது. அம்மா தொடையில் கிள்ளினாள். பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்பா இன்னும் மோசம். அவர் வயர்மேன், கடைகளுக்கும் வீடுகளுக்கும் மின்சார வேலை செய்கிறவர். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் 'எஞ்சினியரிங்' என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவார். என்ன எஞ்சினியரிங் என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சைக் கோயில் பக்கம் திருப்பிவிடுவார். மகளின் படிப்புக்குப் பெயர் சொல்ல வெட்கப்படும் ஒரே தகப்பன் தீவிலேயே இவராகத்தான் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் மட்டும் என்ன வாழ்ந்தது? நாலா பக்கமும் கடல் உள்ள தீவிலிருந்து கிளம்பி, தெற்கே, ஜன்னலைத் திறந்தால் செம்பனைத் தோட்டம் தெரிகிற ஒரு வளாகத்துக்குப் போய்க் கப்பல் படித்தேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு வேறு துறையில் இடம் கிடைக்கவில்லை, அதனால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு வந்தவர்கள். எது நடத்தினாலும் 'இது பரீட்சைக்கு வருமா' என்பது ஒன்றுதான் அவர்கள் வாயில் வந்த கேள்வி. என் மேற்பார்வை விரிவுரையாளர் கப்பலின் நிலைத்தன்மை பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதித் தள்ளியவர். ஒருமுறை எங்களை ஆற்றுப் படகில் கூட்டிப்போனபோது கரை சேரும் வரை கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அந்தப் படகு கவிழாது என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரே மனுஷர் அவர்தான். கவிழ்ந்துவிடும் என்று பயந்ததும் அவர் ஒருவர்தான்.

ஆனால் அங்கே படித்ததில் ஒன்றே ஒன்று எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மிதப்பது வேறு, நிமிர்ந்து நிற்பது வேறு. எந்தக் குப்பையும் மிதக்கும். ஆனால் சாய்ந்தால் திரும்பி நிமிருமா என்பது தனிக் கேள்வி. பாரம் மேலே ஏற ஏற நிமிரும் சக்தி குறையும். கப்பலின் உடம்பு அகலமாக இருந்தால் கூடும். சம்பான் என்கிற சின்னப் படகில் உட்கார்ந்து போகிறவன் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். அதைக் கணக்காக எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்காக அந்த வளாகத்தின் மற்ற முட்டாள்தனத்தை எல்லாம் மன்னிக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

கடைசி வருஷத்தில் ஆய்வுக்கு உண்மையான ஒரு மிதவையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் இணையத்தில் இருந்த சரக்குக் கப்பல் வரைபடங்களை இறக்கிக்கொண்டார்கள். நான் எங்கள் கோயில் தெப்பத்தை எடுத்தேன்.

தீவின் மறுபுறம், பாலிக் புலாவ் பக்கம், மீன்பிடிக் கரை ஒன்றில் உள்ள சின்ன அம்மன் கோயில். அப்பா பிறந்து வளர்ந்த இடம். இப்போது அந்தக் குடும்பங்களில் பாதி டவுனுக்கு வந்துவிட்டன. ஆனாலும் மாசி மகத்துக்கு எல்லோரும் அங்கே கூடிவிடுவார்கள். அம்மன் தெப்பத்தில் ஏறிக் கடலில் ஒரு சுற்று வருவாள். தெப்பம் என்றால் நீல நிறப் பிளாஸ்டிக் ட்ரம்களின் மேல் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதன் மேல் தேர். ஒரு மீன்பிடிப் படகு இழுத்துக்கொண்டு போகும். கோயிலிலிருந்து கரைக்குப் போகும் சந்து குறுகலானது. அந்தச் சந்து எவ்வளவு அகலமோ தெப்பமும் அவ்வளவுதான் அகலம். வருஷா வருஷம் அப்பா ஜெனரேட்டரோடு தெப்பத்தில் ஏறி, தேருக்குப் பின்னால் உட்கார்ந்து, விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில்கூட இறங்க மாட்டார்.

போன வருஷம் அலை பலகை மேல் ஏறி, யாரோ ஒரு பெரிய மனுஷரின் மனைவியுடைய பட்டுப் புடவையை நனைத்துவிட்டதாம். உலகமே இடிந்து விழுந்த மாதிரி அதைப் பேசினார்கள். அதனால் இந்த வருஷம் கமிட்டித் தலைவர் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். ட்ரம்களுக்கு அடியில் இன்னொரு அடுக்கு ட்ரம். பலகை உயர்ந்துவிடும், புடவை நனையாது. அதோடு நிறுத்தினாரா? தேருக்கு மேல் ஐந்தடுக்கு எல்இடி வளைவு, தெப்பத்தில் போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு விருந்தினர். 'ட்ரம் ஜாஸ்தி, மிதப்பு ஜாஸ்தி, சேஃப்டி ஜாஸ்தி' என்று கமிட்டி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டிருந்தார். அப்பா அதைச் சோறு சாப்பிடும்போது பெருமையாகப் போட்டுக் காட்டினார். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

இத்தனைக்கும் தலைவர் கட்டடக் குத்தகைக்காரர், டத்தோ என்ற அரசுப் பட்டமும் வாங்கியவர். குறுகலான ஒன்றை இன்னும் உயரமாக்கி, உச்சியில் பாரத்தையும் ஏற்றி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறார் என்றால் அவர் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களை நினைத்துதான் கவலைப்பட வேண்டும்.

விடுமுறைக்கு வந்திருந்த நான் அன்றே கணக்குப் போட்டேன். திரும்பவும் போட்டேன். கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போட்டது அது ஒன்றுதான். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. அத்தனை பேரும் ஏறி நின்றால், தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிராது. வாணவேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்கினால் போதும். ஜெனரேட்டர் அப்பா மேலேயே விழும்.

அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். தொலைக்காட்சியில் காற்பந்து ஓடிக்கொண்டிருந்தது. படத்தை ஒரு தரம் பார்த்தார், திரும்பவும் பந்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் போகிறது, ஒன்றும் ஆகவில்லையே என்றார். இத்தனை வருஷம் ஒரே அடுக்குதானே இருந்தது என்றேன். தலைவருக்குத் தெரியாததா என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் படிப்புக்கு ஓவர்டைம் செய்து உழைத்தவர் இவர். அந்தப் படிப்பு முதல் தடவையாக அவருக்கே உதவ வந்து நிற்கிறது, இவருக்கோ தலைவர் பெரிதாகிவிட்டார். நீங்கள் ஏறாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன் என்றேன். நான் ஏறாவிட்டால் விளக்கை யார் பார்ப்பது, கமிட்டியில் என்னை என்ன நினைப்பார்கள் என்றார். என்ன நினைப்பார்களாம்! செத்த பிறகு நல்லவர் என்று நினைப்பார்கள்.

அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடராக இருப்பவள். அதிகம் பேச மாட்டாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். இதைச் சரிசெய்ய என்ன பண்ணணும் என்று மட்டும் கேட்டாள். கீழ் அடுக்கை எடுத்து, சந்தைத் தாண்டிக் கரைக்குப் போனதும் இரண்டு பக்கமும் குழாய் நீட்டி, ஆறடி தள்ளிக் கட்ட வேண்டும், வளைவை இறக்க வேண்டும், ஆட்களைப் பத்தாகக் குறைத்து உட்கார வைக்க வேண்டும் என்றேன். ஆறடியா என்றாள். ஆறடி என்றேன். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு நானே போனேன். மடிக்கணினியில் படம், அசையும் படம், எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். கோயில் மண்டபத்தில் நெஸ்காபியும், உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபப்பும் பரிமாறினார்கள். தலைவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டார். எனக்கு இருபத்து மூன்று வயது. நான் பேசி முடிக்கும் வரை கறிபப்பைக் கடித்துக்கொண்டே கேட்டார். பக்கத்தில் ட்ரம் கட்டினால் ட்ரோன் வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்று செயலாளர் சொன்னார். சத்தியமாக அதைத்தான் சொன்னார். அடியில் வைத்தால் மஞ்சள் துணியைச் சுற்றி மறைத்துவிடலாமாம். மனுஷன் உயிரைவிட வீடியோ பெரிதாகிப்போனவர்களிடம் என்ன பேசுவது?

சரி, என்னை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்றேன். தண்ணீர் ஏறியிருக்கும்போது தெப்பத்தை இறக்கி, ஆட்களை ஒரு பக்கமாக நகர்த்திப் பார்ப்போம். எந்தக் கப்பலையும் அப்படித்தான் சாய்த்துப் பார்த்த பிறகு கடலுக்கு அனுப்புவார்கள். தலைவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, கப்பலு வேற, தெப்பம் வேற லா. அம்மா ஏறப்போற தெப்பத்தை நாம சாச்சுப் பாக்குறதா? அது அம்மாவையே சந்தேகப்படுற மாதிரி. அபசகுனமா பேசாதே. படிச்ச புள்ள, போய்ப் பரீட்சையைப் பாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். பட்டுப் புடவை நனையாமல் இருக்க ட்ரம்மைக் கூட்டியபோது அம்மன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மனுஷர்கள் சாகாமல் இருக்க ஒரு சோதனை என்றதும் அம்மனுக்கு இழுக்கு வந்துவிட்டதாம். அப்பா கூட்டத்தில்தான் இருந்தார். கறிபப் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து, செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, வழியெல்லாம் அழுதேன்.

விரிவுரையாளரையும் விடவில்லை. போனில் கூப்பிட்டுச் சொன்னேன். உங்கள் பெயரில் ஒரு வரி எழுதிக்கொடுங்கள், பல்கலைக்கழகம் சொல்கிறது என்றால் கேட்பார்கள் என்று கெஞ்சினேன். கணக்கு சரிதான் என்றார், மிக நேர்த்தியாக இருக்கிறது என்றும் சொன்னார். ஆனால் எதிலும் தன் பெயரோ துறையின் பெயரோ வரக்கூடாது, இதைக் கணினி மாதிரியாக மட்டும் வைத்துக்கொள் என்றார். ஒருவேளை ஏதாவது நடந்தால் அதை ஆய்வில் ஒரு பின்னிணைப்பாகச் சேர்க்கலாம் என்றும் யோசனை சொன்னார். என் அப்பா மூழ்கினால் அது பின்னிணைப்பு. நான் போனை வைத்துவிட்டேன். மரியாதையாக வைத்தேனா என்று நினைவில்லை.

மாசி மகத்தன்று காலை சந்து வழியாகத் தெப்பத்தைச் சக்கரத்தில் வைத்து உருட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு அடுக்கு ட்ரம், சுற்றிலும் மஞ்சள் துணி, மேலே தேர், தேருக்கு மேல் அந்த வளைவு. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அப்பா ஜெனரேட்டரை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மாலையில் தண்ணீர் ஏறியதும் தெப்பத்தை இறக்கிவிடுவார்கள். அவர் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்விடலாமா, ஜெனரேட்டரில் மண்ணைப் போடலாமா என்றெல்லாம் யோசித்தபடி நின்றேன். அம்மா பால்குடத்தோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். உருமி மேளம் பக்கத்தில் வந்தது.

தெப்பத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மா நின்றாள். குடத்தைப் பின்னால் வந்தவளிடம் கொடுத்தாள். உடம்பு நடுங்கியது, கூந்தல் அவிழ்ந்தது. என் அம்மாவுக்கு இதுவரை சாமி வந்ததே இல்லை. சாமியாடுகிறவர்களைப் பார்த்தால் காரில் போய் உட்கார்ந்துகொள்கிறவள் அவள். கூட்டம் குலவை போட்டது. பூசாரி கற்பூரத்தோடு ஓடிவந்து, யார் வந்திருப்பது, என்ன குறை தாயி என்று கேட்டார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

"எனக்கு உசரம் வேணாம்டா, அகலம் வேணும். அடியில சொருகினதை எடுடா. ரெண்டு பக்கமும் கையை விரிச்ச மாதிரி கட்டுடா."

எவ்வளவு தூரம் தள்ளி, தாயி, என்று பூசாரி கேட்டார். ஆறடி என்றாள். தலைமேல் இருக்கிற பாரத்தை இறக்கச் சொன்னாள். பத்துப் பிள்ளைகள் போதும், என் காலடியில் உட்கார்ந்து வரட்டும், எவனும் நிற்கக்கூடாது என்றாள். என் ஆய்வின் முடிவுரையை வரி விடாமல் ஒப்பித்தாள் என்றே சொல்ல வேண்டும். தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மன்னிச்சிரு தாயி, மன்னிச்சிரு தாயி என்று மணலில் விழுந்தார். அவருக்கும் முன்னால் ஒருவர் விழுந்து கிடந்தார். அது அப்பா. அம்மாவின் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிறகு பார்க்க வேண்டுமே வேகத்தை. ஒரு வாரம் கெஞ்சியும் அசையாதவர்கள் ட்ரம்மை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழாய் எங்கிருந்தோ வந்தது. அளவு நாடா வந்தது. ட்ரோன் வீடியோவைப் பற்றிச் செயலாளர் மூச்சே விடவில்லை. எந்தக் குழாயை எங்கே கட்டுவது என்று அவர்கள் தடுமாறியபோது நான் போய்ச் சொன்னேன். சாமி வந்தவளின் மகள் என்பதால் அப்போது கேட்டார்கள். அதே வாய், அதே கணக்கு.

மாலையில் தெப்பம் கடலில் இறங்கியது. வாணவேடிக்கை தொடங்கியதும், உட்கார்ந்திருக்க வேண்டிய பத்துப் பேரும் எழுந்து ஒரே பக்கம் ஓடினார்கள். அம்மன் சொன்னாலும் அவ்வளவுதான் நம் ஆட்கள். தெப்பம் சாய்ந்தது. பக்கத்து ட்ரம்கள் தண்ணீரில் அழுந்தின, தெப்பம் மெதுவாக நிமிர்ந்தது. அப்பா அண்ணாந்து வாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் தலைவர் ஒலிபெருக்கியில் இந்த வருஷத்துத் தெப்பம் அம்மா உத்தரவுப்படி அமைந்தது என்று அறிவித்தார். பிற்பாடு ஆய்வு நேர்முகத்தில், மாற்றங்களைத் தெப்பத்தின் உரிமையாளர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்று விரிவுரையாளர் கேட்டார். கலந்தாலோசனையின் மூலம் என்றேன். மிக நல்லது என்று குறித்துக்கொண்டார். அவருக்கு அது போதும்.

ஆனால் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் எனக்கு எதுவும் போதவில்லை. அப்பா கூடத்தில் ஒவ்வொருவராகப் போன் போட்டு, அம்மன் தன் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் நான் இல்லை. மகள் ஒருத்தி முன்னாலேயே சொன்னாள் என்று ஒரு பேச்சுக்குக்கூட வரவில்லை. அம்மா சமையலறையில் தொழிற்சாலைச் சீருடையோடு நின்று டப்பாவில் மீ கோரெங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நடித்தாயா என்று கேட்டேன். பாதி நடித்ததாகவும், மீதி தனக்கே தெரியவில்லை என்றும் சொன்னாள்.

நான் வெடித்துவிட்டேன். நான் சொன்னபோது பந்து பார்த்தார், நீ ஆடியதும் காலில் விழுந்தார், நீ சொன்னது அத்தனையும் நான் சொன்னதுதானே என்றேன். இனி நான் பட்டம் வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன, இந்த வீட்டில் எனக்கு எழுத்தறிவு இருப்பதாகவே ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். சத்தம் கூடத்துக்குக் கேட்டிருக்கும். அப்பா போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா டப்பாவை மூடினாள்.

"உனக்கு என்னாடி வேணும்? அவரு உன்னை நம்பணுமா, உசுரோட இருக்கணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றேன்.

தொழிற்சாலை பஸ் கீழே ஹாரன் அடித்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பேராசைடி உனக்கு" என்றாள்.